தட்டாத சுவர்

என் புருஷன் யேசுரத்தினத்தின் முப்பத்தோராம் நாள் ஜெபத்துக்கு லயத்து வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். இராணுவ உடுப்பில் அவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற படம். கீழே, ‘எங்கள் லயத்தின் காவலன் கோப்ரல் யேசுரத்தினம்’ என்று தங்க எழுத்து. படத்தில் அவர் கையில் இரும்புப் பூண் போட்ட தடி இருந்தது. அந்தத் தடியை எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த லயத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அவரைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைத் தவிர மற்ற எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் அந்தத் தடியை என் மகன் கெவினிடம் கொடுப்பதாக ஏற்பாடு. கெவினுக்கு இருபத்தேழு வயது. ஹாலிஎல டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு காலும் நன்றாக இருக்கிற பிள்ளைக்குத் தடி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அது மரியாதைக்கு என்றார்கள்.

எங்கள் லயம் ஹாலிஎலக்கு மேலே, தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பத்து வீடு, ஒரே கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஓர் ஆள் ஏறிக் குதிக்கிற அளவுக்கு இடைவெளி. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீட்டிலும் தும்முவார்கள். எங்களுடையது ஐந்தாம் வீடு. நாலாம் வீட்டில் அழகையா அண்ணனும் அவர் சம்சாரம் கருப்பம்மாவும். அண்ணன் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். கருப்பம்மா என் வயதுக்காரி. முப்பது வருஷம் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள்.

இந்தச் சுவருக்கு ஒரு சட்டம் உண்டு. பாம்பு வந்தாலும், தீப் பிடித்தாலும், பிள்ளை வலி எடுத்தாலும், அம்மிக் குழவியை எடுத்துச் சுவரில் மூன்று முறை தட்டவேண்டும். கேட்ட வீடு தன்னுடைய அடுத்த சுவரில் மூன்று தட்டும். இரண்டு நிமிஷத்தில் பத்து வீடும் வாசலில் நிற்கும். ஒருவன் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் கேட்டாலும் அப்படித்தான். தட்டுச் சத்தம் காதில் விழுந்ததும் அடிக்கிறவன் கையை இறக்கவேண்டும். இறக்காவிட்டால் ஆண்கள் உள்ளே போய் இறக்கிவிடுவார்கள். எந்தத் துரையும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பிந்திப் போகிறவர்கள்கூட இந்தச் சட்டத்தை மீறியதில்லை.

எனக்கும் அந்தச் சுவர் தட்டியிருக்கிறது. கல்யாணமாகி மூன்றாவது வாரம். அவர் லீவில் வந்திருந்தார். காலை ஆறு மணிக்கு நான் எழுந்து அட்டென்ஷனில் நிற்கவேண்டும், அவர் என் பெயரைக் கூப்பிடுவார், நான் பதில் சொல்லவேண்டும். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். பெல்ட்டின் பித்தளைக் கொளுவி என் தாடையில் பட்டது. இரண்டாவது அடி விழுவதற்குள் சுவர் தட்டியது. அழகையா அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“குடும்ப விசயம். நீங்க போங்க” என்றார் என் புருஷன்.

“குடும்பம் ஒன்னோடது தம்பி. சுவரு எங்களோடது” என்றார் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அண்ணனைப் பத்து வருஷம் தலையில் வைத்துக் கொண்டாடினேன். அந்தப் பத்து வருஷமும், அவர் லீவில் வரும்போதெல்லாம் அடி விழுந்தது, சுவரும் தட்டியது, அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினார். அடியைத் தடுக்க முடியாவிட்டாலும் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அவர் கெட்டவராகவே பிறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. எண்பத்து மூன்றில் அவருக்குப் பத்தொன்பது வயது. அவரும் கூடப் பிறந்த அண்ணனும் பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார்கள். ஆடி மாதம் டவுனில் கடைகள் எரிந்த அன்று, கூட்டம் வருகிற சத்தம் கேட்டு, அண்ணன் இவரைத் துணிக் கட்டுகளுக்கு அடியில் தள்ளிவிட்டு ஷட்டரை இழுக்கப் போனான். ஷட்டர் பாதி இறங்கும்போதே அவனை வெளியே இழுத்துவிட்டார்கள். கட்டுகளுக்கு அடியிலிருந்து இவருக்குத் தெரிந்தது அண்ணனுடைய கால்கள் மட்டும். முதலில் உதைத்தன. பிறகு நடுங்கின. பிறகு யாரோ அந்தக் கால்களைப் பிடித்து ரோட்டோரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு செருப்பு மட்டும் ஷட்டருக்கு அடியில் கிடந்தது.

பின்வாசல் வழியாகத் தப்பி, இரண்டு நாள் காட்டில் கிடந்து, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மற்றவர்கள் இந்தியாவுக்குப் போவதா, வவுனியாவுக்குப் போவதா என்று பேசிக்கொண்டிருந்தபோது, இவர் துரையிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு தியத்தலாவைக்குப் போய் ஆமியில் சேர்ந்துவிட்டார். அண்ணனை அடித்தவர்கள் ஆமிக்காரர்கள் இல்லை. ஆனால் ஆமிக்காரனை யாரும் ஷட்டருக்கு அடியிலிருந்து இழுக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“வாங்குற பக்கம் ஒரு நாளு நின்னேன், போதும். அடிக்கிற பக்கம் போயிட்டா நம்ம மேல விழாது.”

பிழையான கணக்கு. அந்தப் பக்கம் போனாலும் விழுந்தது. முகாமில் அவரைப் புலி என்றார்கள். தோட்டத்தில் காட்டிக்கொடுக்கிறவன் என்றார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பெயரும் வாங்குவார். முதலில் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்க விட்டார்கள். துப்பாக்கியை நம்பிக் கொடுக்கவே நாலு வருஷம் ஆனது.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதை ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னார். வன்னிப் பக்கம் ஒரு முகாம். பிடித்து வந்த ஒருவனைத் தூணில் கட்டியிருந்தார்கள். அங்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே இவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜன்ட் ஒரு பொல்லைக் கையில் கொடுத்து, நீ அடி என்றான். இவர் அடித்தார். அந்த ஆள் தமிழில் கெஞ்சினான். அந்த இடத்தில் அது விளங்கிய ஒரே ஆள் இவர்தான். விளங்கியதை மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இன்னும் ஓங்கி அடித்தார். போதும் என்று சார்ஜன்ட் சொன்ன பிறகும் அடித்தார். அந்த ஆளின் தலை தொங்கிய பிறகுதான் பொல்லை வாங்கிக்கொண்டு, இவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்தார்கள். அன்று முதல் இவர் அவர்களில் ஒருவர்.

இதைச் சொல்லும்போது அவர் குடித்திருக்கவில்லை. அழவும் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த நாளைச் சொல்கிறவர்போலச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தேன். மறுநாள் அந்தக் கீரையைச் சாப்பிட முடியவில்லை.

தொண்ணூற்றெட்டில் மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பொய்க்காலும், இரண்டு பதக்கமும், இரும்புப் பூண் தடியுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் லீவுக்கு லீவு விழுந்தது, இனி நாள்தோறும். ஆனால் சுவர் இருந்தது. சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில் நானும் இருந்தேன்.

இரண்டாயிரத்தில் மலைப்பக்கம் மறுபடி கலவரம் கிளம்பிய வாரம். பின்னேரம் நாலு மணி இருக்கும்; நாங்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து கால்கூடக் கழுவவில்லை. முதலாம் வீட்டில் சுவர் தட்டியது. கீழே பாதையில் ஒரு லொறி நின்றது. முப்பது பேர் இருப்பார்கள். பொல்லு, இரும்புக் கம்பி, பெற்றோல் கலன். அண்ணன் பெண்களையும் பிள்ளைகளையும் தேயிலைக்குள் ஓடச் சொன்னார். என் புருஷனும் அதையேதான் சொன்னார், “ஓடு, சொல்ற வரைக்கும் திரும்பி வராத” என்று. மூன்று வயதுக் கெவினை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன்.

அவர் அவசரப்படவில்லை. பெட்டியைத் திறந்து உடுப்பை எடுத்துப் போட்டு, பட்டன் எல்லாம் சரியாகப் பூட்டி, பொய்க்காலிலும் சப்பாத்தை மாட்டி, படியில் வந்து நின்றார். பன்னிரண்டாவது நிரையில் செடிக்குப் பின்னால் குந்தியிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். முன்னால் வந்தவனிடம் சிங்களத்தில் அதிகாரமாக, பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார். முகாமில் கேட்கிற அதே குரல். கூட்டம் அரை நிமிஷம் தயங்கியது. முன்னால் நின்றவன் தயங்கவில்லை, கம்பியை ஓங்கினான். என் புருஷனின் தடி அதற்கு முன் அவன் தாடையில் இறங்கிவிட்டது. பல்லும் இரத்தமுமாகத் துப்பிக்கொண்டு அவன் படியில் விழுந்தான். அடுத்து வந்தவனுக்கு முழங்கால். அவன் போட்ட கத்தலில் மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

அதோடு முடிந்திருக்கவேண்டும். கூட்டம் பின்வாங்கிவிட்டது, பெற்றோல் கலனைக்கூடப் போட்டுவிட்டார்கள். ஆனால் என் புருஷன் கீழே கிடந்தவனை அடித்துக்கொண்டே இருந்தார். அவன் கை கூப்பினான். கூப்பிய கையில் அடித்தார். அவன் கால்கள் உதைத்தன, பிறகு நடுங்கின. அழகையா அண்ணன்தான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். அடிபட்ட இரண்டு பேரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு லொறி போய்விட்டது.

அன்று பத்து வீட்டிலும் ஒரு கதவுகூட எரியவில்லை. ஒரு பிள்ளையின் தலைமுடிக்கும் சேதமில்லை. அதை நான் மறுக்கவில்லை. கர்த்தர் முன்னிலையிலும் மறுக்க மாட்டேன். கருப்பம்மா அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டாள், பொய்க்காலையும் சேர்த்து. ஆண்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். காட்டிக்கொடுக்கிறவன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன அதே வாய்கள் ஐயா, ஐயா என்றன.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தினார். சொல்வதற்கு முன்பே நான் தேயிலைக்குள்ளிருந்து வந்துவிட்டேனாம். அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்தபோது நான் பிள்ளையோடு எழுந்து ஓடி வந்தது உண்மைதான். அவர் அந்த மனுஷனைக் கொன்றுவிடுவாரோ என்று பயந்து ஓடி வந்தேன். ஆர்டர் என்றால் ஆர்டர் என்றார். தடியின் பூணில் அந்த மனுஷனின் இரத்தம் இன்னும் காயவில்லை. முதல் அடியில் விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. சுவரின் மேல் இடைவெளியைப் பார்த்துக் கத்தினேன். சுவரைத் தாண்டி நாலாம் வீட்டில் கருப்பம்மா இருமுவது கேட்டது. குழவி தட்டப்போகிறது, இதோ தட்டப்போகிறது என்று காத்திருந்தேன். இரண்டாவது விலா. அண்ணன் வீட்டில் ரேடியோவைக் கூட்டினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் சுவர் தட்டவில்லை. இருபத்து நாலு வருஷம். பாம்புக்குத் தட்டினார்கள், பிள்ளைப் பேற்றுக்குத் தட்டினார்கள், ஏழாம் வீட்டுக்காரன் பெண்டாட்டியை அறைந்ததற்குத் தட்டினார்கள். என் சத்தத்துக்கு மட்டும் பத்து வீட்டுக்கும் காது அடைத்துவிட்டது. விலா ஆறி நான் மறுபடி கொழுந்துக்குப் போன நாளில் கருப்பம்மா என் பக்கத்து நிரையில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அவரு இல்லேன்னா நம்ம புள்ளைங்க இன்னைக்கு இல்ல, நேசம். நீ கொஞ்சம் பொறுத்துக்க.”

பத்து வீட்டுப் பிள்ளைகளின் உயிருக்குப் பதில் என் முதுகு. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் பேரம் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் என் பிள்ளையும் ஒருவன் என்பதால் என்னாலும் அதை உடைக்க முடியவில்லை. கதவைச் சாத்திய அன்று அவன் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அடித்தால் யாரும் வர மாட்டார்கள் என்பதை அவன் எழுத்துப் படிப்பதற்கு முன்பே படித்துக்கொண்டான்.

போன மாதம் சீனி வியாதி முற்றி, வெட்டிய காலில் புண் அழுகி, பதுளை ஆஸ்பத்திரியில் அவர் செத்தார். கடைசி இரண்டு நாள் யாரையோ பார்த்து ‘கத்தாத, கத்தாத’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கத்தவில்லை. தூணில் கட்டியிருந்தவனிடம் சொன்னாரோ, ஷட்டருக்கு வெளியே கிடந்த அண்ணனிடம் சொன்னாரோ தெரியாது. அந்த ஒரு நேரம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. செத்த பிறகு போய்விட்டது.

போனதற்குக் காரணம் கெவின். அடக்கம் முடிந்த நாலாம் நாள், மூலையில் கிடந்த தடியை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தான். ஐந்தாம் நாள், சோறு ஆறிவிட்டது என்று மதுஷாவை அடித்தான். மதுஷா அவன் பெண்டாட்டி. கொஸ்லந்தப் பக்கத்துப் பிள்ளை. கோயிலுக்குப் போகிற வீட்டிலிருந்து எங்கள் தேவாலயத்துக்கு வந்தவள். கல்யாணமாகி எட்டு மாதம், வயிற்றில் நாலு மாதம். அதுவரைக்கும் அவன் அவளைத் திட்டிக்கூட நான் கேட்டதில்லை. அப்பா இருந்தபோது அந்த வீட்டில் அடிக்கிற வேலைக்கு ஆள் இருந்தது. இப்போது அந்த இடம் காலி என்று நினைத்தான் போலும். நான் நடுவில் விழுந்து தடுத்தேன். என்னையும் தள்ளிவிட்டான். அவன் வெளியே போனதும் மதுஷா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க லயத்துலன்னா இந்நேரம் தட்டியிருப்பாங்க மாமி. இங்க ஏன் யாரும் தட்ட மாட்டேங்கிறாங்க?”

எனக்குப் பதில் தெரியும். அவள் கன்னத்தில் ஈரத் துணியை ஒத்தினேன். அந்த மாதத்தில் இன்னும் மூன்று தடவை அடித்தான். மூன்று தடவையும் அடுத்த வீட்டில் பாத்திரம் உருட்டினார்களே தவிர, குழவி உருளவில்லை. இப்போது அவன் காவலனின் மகன் அல்லவா.

ஜெபத்துக்கு முந்திய நாள் நான் அழகையா அண்ணனிடம் போனேன். தடியைக் கெவினிடம் கொடுக்கவேண்டாம், கல்லறையில் புதைத்துவிடலாம் என்று கேட்டேன். அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. காது மந்தம் என்று சொல்லிக்கொள்வார், தனக்கு வேண்டியது எல்லாம் கேட்கும். அது லயத்தின் மரியாதை, வெலிமடையிலிருந்து ஆமிக்காரர் வேறு வருகிறார், கடைசி நேரத்தில் கேவலமாகிவிடும் என்றார். மதுஷாவின் கன்னத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சின்னஞ் சிறுசுகள், சரியாகிவிடும் என்றார். சுவர் யாருடையது அண்ணே என்று கேட்டேன். அதற்குக் காது கேட்கவில்லை.

அதனால்தான் ஜெபத்தன்று, கூப்பிடாமலே எழுந்து நின்றேன். போதகர் முடித்திருந்தார். வெலிமடையிலிருந்து வந்த முஸ்தாக், இவரோடு வன்னியில் இருந்தவர், இப்போது உருளைக்கிழங்கு வியாபாரம், என் புருஷன் எவ்வளவு தைரியசாலி என்று பேசி உட்கார்ந்திருந்தார். பந்தலுக்குள் எண்பது பேர் இருப்பார்கள். நான் இரண்டாயிரத்தில் நடந்ததைச் சொன்னேன். படியில் நின்றதையும் சொன்னேன், கதவைச் சாத்தியதையும் சொன்னேன். எத்தனை விலா, எந்தப் பக்கம் என்று சொன்னேன். அன்றைக்கு ரேடியோவைக் கூட்டிய வீடு எது என்றும் சொன்னேன். பிறகு, “அதே கையி இப்ப மதுஷா மேல விழுது. நீங்க இன்னும் தட்டல” என்றேன்.

பெண்கள் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். முஸ்தாக் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தத் தூணின் கதை அவர் காதிலும் விழுந்திருக்கும். கெவின் என்னைப் பார்க்கவில்லை. மதுஷாவைப் பார்த்தான். போதகர் எழுந்து, சகோதரி துக்கத்தில் இருக்கிறார், நாம் அவருக்காக ஜெபிப்போம் என்றார். பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் அழகையா அண்ணன், ஒன்றுமே நடக்காததுபோல, தடியை இரண்டு கையிலும் ஏந்திக் கெவினிடம் கொடுத்தார். கை தட்டினார்கள். அதற்கெல்லாம் நன்றாகத் தட்டுவார்கள்.

மத்தியானச் சாப்பாடு. ஆண்களுக்குப் பந்தலில் இலை போட்டிருந்தது. நாலாம் வீட்டு அடுப்பில் கருப்பம்மா சோற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு அடுப்படியில் நான் பருப்பு வாளியை நிறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு அடுப்படிக்கும் நடுவில் அந்த ஒரே சுவர்தான். முன் அறைக்குள் கெவின் மதுஷாவை இழுத்துக்கொண்டு வந்து, வாசல் கதவைத் தாழ் போடுவது கேட்டது. எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தானாம். எண்பது பேர் முன்னிலையில் அவன் மானத்தை வாங்கியது அவள்தானாம். அவனுடைய அப்பாவின் பெல்ட் காற்றைக் கிழிக்கிற சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவேன்.

மதுஷா கத்தினாள். பழக்கம் அப்படிப்பட்டது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, தட்டுவதற்காகக் காத்திருந்தேன். அடுத்த பக்கம் கருப்பம்மாவின் அகப்பை சட்டியில் உரசுகிற சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள். பந்தலில் யாரோ பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார்கள். மதுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வயித்துல வேணாம், வயித்துல வேணாம்” என்று கத்தினாள்.

குழவியை எடுத்து நானே சுவரில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. காரை உதிர்ந்து பருப்பில் விழுந்தது. சுவரின் மறுபக்கத்தில் அகப்பை மறுபடியும் உரசத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு முன் அறைக்குள் போனேன். மதுஷா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சுருண்டு கிடந்தாள், உதடு கிழிந்திருந்தது. கெவின் முதுகைக் காட்டிக்கொண்டு பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். மாலை போட்ட தடி கதவோரம் சாத்தியிருந்தது. எடுத்தேன். அதன் பாரம் என் முதுகுக்குத் தெரியும். கைக்கு அன்றுதான் முதல் தடவை. அவன் பெல்ட்டை ஓங்கினான். நான் அவனுடைய மணிக்கட்டில் இறக்கினேன்.

எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அது என் உடம்பிலிருந்து வராதது புதிது. கெவின் திரும்பி என்னைப் பார்த்தான். மூன்று வயதில் பாயில் உட்கார்ந்து பார்த்த அதே கண். முறிந்த கையை நெஞ்சோடு பிடித்திருந்தான். நான் பெற்ற கை அது, நான் பால் கொடுக்கும்போது என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்த கை. அவன் இடது கையால் பெல்ட்டை எடுக்கக் குனிந்தான். இரண்டாவது அடியைத் தோளில் போட்டேன். விழுந்தான். மூன்றாவதுக்கு ஓங்கினேன். அவன் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் நிறுத்தினேன். என் புருஷனுக்கு நிறுத்தத் தெரியாது; எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வித்தியாசத்துக்காக இன்றைக்கும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

கெவின் கத்தினான். ஆம்பிளைக் குரல், பெரிய குரல். அம்மா என்று கத்தினான், ஐயோ என்று கத்தினான்.

அப்போது சுவர் தட்டியது.

மூன்று தட்டு. கருப்பம்மாவின் குழவி. பிறகு நாலாம் வீட்டிலிருந்து மூன்றாம் வீடு, மூன்றிலிருந்து இரண்டு. அந்தப் பக்கம் ஆறாம் வீடும் கேட்டுத் தட்டியது, ஏழு, எட்டு என்று லயம் முழுவதும் ஓடியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகும் ஒரு வீட்டுக்கும் மறந்துபோகவில்லை, எவ்வளவு அழகாகத் தட்டினார்கள். பாட்டுப் பெட்டியை நிறுத்தினார்கள். பந்தலிலிருந்து ஓடி வருகிற காலடிச் சத்தம், கதவை இடித்தார்கள்.

மதுஷாவைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன். வயிற்றில் அடி படவில்லை என்று தலையாட்டினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தடியோடு போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். வாசலில் எண்பது பேரும் நின்றார்கள். சிலருடைய கையில் சோறு ஒட்டியிருந்தது. முன்னால் அழகையா அண்ணன். அவர் பக்கத்தில் குழவியும் கையுமாகக் கருப்பம்மா. அண்ணன் உள்ளே எட்டிப் பார்க்கப் பார்த்தார். நான் கதவை அடைத்து நின்றேன்.

“என்ன புள்ள சத்தம்?” என்றார்.

“குடும்ப விசயம். நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்றேன்.

அண்ணன் என் கையில் இருந்த தடியைப் பார்த்தார். அதன் பூணைப் பார்த்தார். வாயைத் திறந்தார், சுவர் யாருடையது என்று இப்போதாவது சொல்வார் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. கருப்பம்மா குழவியை முந்தானைக்குள் மறைத்தாள்.

எல்லோரும் திரும்பிப் போனார்கள். இருபத்து நாலு வருஷப் பழக்கம்.